துரைக்கு முன்னால் நடந்தவர்

திருநெல்வேலியிலிருந்து குற்றாலத்துக்குப் போகிறவர்கள் எங்கள் பக்கத்தைத் தொடாமல் போவது அரிது. மாட்டு வண்டி காலத்திலும் அப்படித்தான். 1904இல் திருநெல்வேலிக்கும் கொல்லத்துக்கும் நடுவே ரயில் முழுப்பாதையும் ஓடத் தொடங்கிய பிறகும் அப்படித்தான்; பாவூர்சத்திரத்தில் நின்றுதான் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் போகும். எங்கள் ஊரான கீழப்பாவூரிலிருந்து பாவூர்சத்திரம் நடை தூரம். அதனால் வெள்ளைக்காரர்களைப் பார்ப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரிய அதிசயமாக இருந்ததில்லை. ஆனி பிறந்து மேற்கே மலை கறுத்துச் சாரல் விழுந்தால், பாளையங்கோட்டைத் துரைமார்கள் மூட்டை முடிச்சுகளோடு குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுவார்கள் என்று என் பாட்டி சொல்லுவாள்.

வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1792இல் தென்னாட்டுக்கு வந்த தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் பாபநாசம் அருவியை வரைந்துபோய் லண்டனில் அச்சிட்டார்கள். ஸ்டூவர்ட் 1879இல் திருநெல்வேலி மாவட்டக் கையேடு எழுதினார். கால்டுவெல் 1881இல் வரலாறு எழுதினார். பேட் 1917இல் கெசட்டியர் எழுதினார். எல்லாம் பயன்படுகிற புத்தகங்கள், மறுக்க முடியாது. எங்கள் தாலுகாவைப் பற்றி நானே அவற்றைப் பார்த்துத்தான் பல விஷயங்களைத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னை விடாமல் துரத்தும். ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்து இறங்கிய ஒருவருக்கு, இந்த ஓடையின் பேர் இது, இந்தப் பாறை வழுக்கும், இந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், இந்தக் கோயிலுக்குள் செருப்போடு போகக் கூடாது என்று சொன்னது யார்? குடியானவன் சொன்னதைத் துரைக்குப் புரிகிற மாதிரியும், துரை கேட்டதைக் குடியானவன் கோபப்படாத மாதிரியும் சொல்லிக் கொடுத்தது யார்? புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அவர் இருக்கிறார். பேர்தான் இல்லை.

எனக்கு இது வெறும் வரலாற்றுக் கேள்வி அல்ல. என் பெரியப்பாவுக்கு அந்த வேலைதான்.

குற்றாலத்தில் ஒரு பங்களாவுக்குக் காவல்காரராக இருந்தார் அவர். காவலுக்குத்தான் சம்பளம். ஆனால் சீசனில் தங்க வருகிறவர்களைச் செண்பகாதேவிக்கும் அதற்கு மேலே தேனருவிக்கும் கூட்டிப்போய்க் கூட்டிவருவதும் அவர் தலையில்தான் விழும். பெரிய அருவிக்கு மேலே செண்பகாதேவி இரண்டு கிலோமீட்டர் இருக்கும். அதற்கும் மேலே தேனருவி. பாறை இடுக்கில் தேன்கூடுகள் தொங்கும். அங்கே புகை பிடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கெல்லாம் போக இப்போது போலக் கட்டுப்பாடு கிடையாது. கோடை விடுமுறை முடிகிற நேரத்தில் சாரல் முந்திக்கொண்டால் நானும் அவரோடு போயிருக்கிறேன்.

ஒரு நாள் வந்தவர்கள் பாதிரிமார் குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூட ஒரு வயதான அம்மாள். பெரியப்பாவுக்கு ஆங்கிலத்தில் மிஞ்சிப்போனால் இருபது சொல் தெரியும். 'ஸ்லோ', 'ஸ்லிப்', 'நோ டச்', 'வாட்டர் குட்' என்கிற அளவு. பாதிரியாருக்குத் தமிழ் தெரியும், ஆனால் அது பிரசங்கத் தமிழ். "ஐயா, இவ்விடத்தில் நாங்கள் ஸ்நானம் பண்ணலாகுமோ?" என்று கேட்பார். பெரியப்பா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, "பண்ணலாம் சாமி, ஆனா நான் சொல்லுத எடத்துல மட்டும்" என்பார். இந்த இருவருக்கும் நடுவே ஒரு பேச்சு உண்டாகி, மலை ஏறி இறங்கும் வரைக்கும் அது அறுபடாமல் இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்புதான்.

செண்பகாதேவித் தடாகத்தில் பிள்ளைகள் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் நன்றாக அடித்தது. பெரியப்பா கரையில் குந்தியிருந்தவர் எழுந்து, தண்ணீரில் கை விட்டு ஒரு கை அள்ளினார். முகர்ந்து பார்த்தார். உள்ளங்கையில் பொடிப்பொடியாக இலைச் சருகும் ஒரு துணுக்கு வேரும் கிடந்தன. தண்ணீரின் நிறம் இன்னும் மாறவில்லை. லேசாக நுரை மட்டும் ஒதுங்கத் தொடங்கியிருந்தது. "ஏல, பிள்ளையளக் கையப் பிடிச்சு மேல ஏத்து" என்றார் என்னிடம். பாதிரியாரிடம் திரும்பி, "வாட்டர் கமிங், சாமி. மேல ஏறுங்க, கேள்வி அப்பறம்" என்றார். அந்த அம்மாள் தயங்கினார். பெரியப்பா அனுமதி கேட்காமல் அவர் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டுவந்து பாறைமேல் நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேலே காட்டுக்குள்ளிருந்து, லாரி கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நாங்கள் நின்றிருந்த தடாகம் செம்மண் நிறமாகி, பிள்ளைகள் துணி வைத்திருந்த கல்லையும் சேர்த்து மூடிக்கொண்டு ஓடியது.

இறங்கி வந்து பாதிரியார் எங்களைப் படம் எடுத்தார். பல மாதம் கழித்துத் தபாலில் ஒரு படமும், அவர்கள் சபை வெளியிடுகிற பத்திரிகை ஒன்றும் வந்தன. படத்தில் அந்தக் குடும்பம் நடுவில் நிற்கிறது. இடது ஓரத்தில் ஒரு கம்பும், அதைப் பிடித்திருக்கிற ஒரு கையும். அந்தக் கை பெரியப்பாவுடையது. பத்திரிகையைத் தென்காசியில் ஒரு வாத்தியாரிடம் கொண்டுபோய்ப் படித்துச் சொல்லக் கேட்டோம். காட்டாற்று வெள்ளத்திலிருந்து ஆண்டவர் தங்களைக் காத்ததைப் பாதிரியார் மனமுருகி எழுதியிருந்தார். எங்களோடு வந்த ஆள் எச்சரித்தான் என்று ஒரு வரியும் இருந்தது. பெரியப்பா அந்த வரியைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் குறைபட்டுக்கொள்ளவில்லை. நான்தான் இன்றுவரை குறைபட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாதிரியார் நல்ல மனிதர். நன்றி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பேரைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நல்லவர்களுக்கே தோன்றாமல் போயிற்று என்பதுதான் என் வருத்தம்.

இந்த வழக்கம் நேற்று வந்தது அல்ல. பிரான்சிஸ் சேவியர் 1542இல் நமது முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. போர்ச்சுகீசியமும் தமிழும் தெரிந்த உள்ளூர்க்காரர்களை ஒன்றாக உட்கார வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு ஊர் ஊராக மணியடித்துச் சொல்லிக்கொடுத்தார். சேவியர் பேரில் கோயில்களும் கல்லூரிகளும் இருக்கின்றன. உட்கார்ந்து தமிழாக்கியவர்கள் யார் யார் என்று கேட்டால் பதில் இல்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் கதை கொஞ்சம் மேல். டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த, பல ஐரோப்பிய மொழிகள் பேசத் தெரிந்த அழகப்பன் என்பவரைத் தனக்குத் துணையாக வைத்துக்கொண்டார். அந்தப் பேராவது கடிதங்களில் நிற்கிறது.

இந்தக் கூட்டத்தில் தன் பேரைத் தானே எழுதி வைத்துக்கொண்ட ஒரே பெரிய மனிதர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் பிறந்தவர். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் தலைமைத் துபாஷியாக, அதாவது இருமொழித் தரகராக, இருந்தவர். 1736 முதல் 1761இல் இறக்கும் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், கவர்னர் என்ன சொன்னார், கவர்னர் பெண்சாதி என்ன சொன்னாள், அரிசி என்ன விலை என்று எல்லாமும் அதில் இருக்கிறது. அவர் இறந்து சில நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. நாட்குறிப்பு வீட்டுக்குள் கிடந்தது. 1846இல்தான் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டெடுத்தார். பிறகு சென்னை அரசாங்கம் 1904 தொடங்கி 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தது.

அந்த நாட்குறிப்பில் நான் அடிக்கடி திரும்பப் போய்ப் படிக்கிற இடம் ஒன்று உண்டு. 1748இல் ஆங்கிலேயப் படை புதுச்சேரியை முற்றுகையிட்ட சமயம், டூப்ளே வேதபுரீசுவரர் கோயிலை இடிக்க உத்தரவு போட்டார். கோயில்காரர்களும் ஊர்ப் பெரியவர்களும் யாரிடம் ஓடி வருவார்கள்? துரையின் பக்கத்தில் நிற்கிற நம்மவரிடம்தான். துரையோ, ஊர்க்காரர்கள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது உன் வேலை என்று அதே ஆளிடம் எதிர்பார்ப்பார். கோயில் இடிந்தது. பிள்ளை அதைத் தடுக்க முடியாத வேதனையோடு எழுதி வைத்தார். இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவராக இருக்கிறவருக்கு இரண்டு பக்கத்திலும் அடி விழும். மொழி தெரிந்தால் போதும், மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் அந்தச் சில பக்கங்களைப் படிக்க வேண்டும்.

எல்லாத் துபாஷிகளும் தங்கமானவர்கள் என்று நான் வாதாடப் போவதில்லை. சென்னையில் அவதானம் பாப்பையா என்று ஒருவர், கவர்னர் ஹாலந்தின் துபாஷி. சதிக் குற்றத்துக்காக 1792இல் தண்டனை பெற்றார். அவரைப் பார்த்து வால்டர் ஸ்காட் தன் கதையொன்றில் ஒரு பாத்திரமே படைத்துவிட்டார். கெட்ட துபாஷிக்குக் கிடைத்த புகழ் நல்ல துபாஷிக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பச்சையப்ப முதலியாரும் துபாஷிதான். அவர் விட்டுப்போன சொத்தில்தான் 1842இல் பள்ளிக்கூடம் தொடங்கி, அது கல்லூரியாக வளர்ந்தது. பச்சையப்பன் கல்லூரி என்று தினமும் சொல்கிறோம், அவர் பார்த்த வேலை என்ன என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

துபாஷிகள் கடற்கரைப் பட்டணத்தில் இருந்தார்கள். மலைக்கும் காட்டுக்கும் வயலுக்கும் துரையோடு நடந்தவர்கள் வேறு வகை. அவர்களில் என் மனதுக்கு நெருக்கமானவர்கள் ஏலூரிலிருந்து வந்த காவலி சகோதரர்கள். போரய்யா, லட்சுமய்யா, ராமசாமி. நில அளவைக்காரர் காலின் மெக்கன்சியிடம் வேலை பார்த்தவர்கள். மெக்கன்சிக்கு இந்த நாட்டு மொழிகள் தெரியாது. கல்வெட்டுகளையும் ஏடுகளையும் ஊர்க் கதைகளையும் கைபீதுகள் என்கிற ஊர் வரலாற்றுக் குறிப்புகளையும் ஊர் ஊராகப் போய்த் திரட்டிக் கொடுத்தது இவர்களும் இவர்கள் பழக்கிய ஆட்களும்தான். அவை இன்று சென்னையில் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் மெக்கன்சி சுவடிகள் என்ற பேரில் கிடக்கின்றன. திருநெல்வேலிப் பாளையக்காரர்களைப் பற்றி எழுதுகிற எவரும் அங்கே போகாமல் இருக்க முடியாது.

மெக்கன்சியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். 1803இல் போரய்யா இளம் வயதிலேயே இறந்துபோனார். இந்திய அறிவின் வாசலைத் தனக்குத் திறந்துவிட்டது அந்த மனிதரின் தொடர்புதான் என்று மெக்கன்சி பல வருடம் கழித்துக் கடிதத்தில் வெளிப்படையாக எழுதினார். 1816இல் தாமஸ் ஹிக்கி மெக்கன்சியைப் படம் தீட்டியபோது அவர் தனியாக நிற்கவில்லை. பக்கத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஏட்டுச் சுவடி பிடித்திருக்கிறார்; இன்னொருவர் தொலைநோக்கியைப் பிடித்தபடி நிற்கும் கிஸ்தனாஜி என்கிற சேவகர். பின்னால் தூரத்தில் கோமதேசுவரர் சிலை. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பாவின் கம்பும் கையும்தான் நினைவுக்கு வரும். கிஸ்தனாஜிக்கு முழு உருவமும் கிடைத்திருக்கிறது, பேரும் கிடைத்திருக்கிறது. ஒரு துரை மனது வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் மெக்கன்சி 1821இல் போய்ச் சேர்ந்த பிறகு நடந்ததையும் கேளுங்கள். மீதி வேலையைத் தொடர்ந்து செய்கிறேன், அதை என்னிடம் விடுங்கள் என்று லட்சுமய்யா 1830களில் கேட்டார். வங்காளத்தின் ஏசியாட்டிக் சொசைட்டி பரிசீலித்தது. அப்போது அங்கே செயலாளராக இருந்த ஜேம்ஸ் பிரின்செப், அசோகரின் எழுத்தைப் படித்துக் காட்டிய அதே மேதை, இந்த வேலைக்கு லட்சுமய்யாவுக்கோ வேறெந்த இந்தியருக்கோ தகுதி போதாது என்று கருத்துச் சொன்னார். சுவடிகளைத் தொகுத்து விவரிக்கிற வேலை வில்லியம் டெய்லர் என்ற பாதிரியார் கைக்குப் போயிற்று. ஏட்டைத் தேடிப் பிடித்தவருக்கு ஏட்டைப் பற்றிப் பேசத் தகுதி இல்லை! இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

குற்றாலத்துக்கே வருகிறேன். கம்பெனிக்காரர்கள் இங்கே ஜாதிக்காயும் கிராம்பும் பட்டையும் பயிரிட்டுப் பார்த்தார்கள். 1830களில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் குற்றாலத்து மலையில் செடி செடியாகச் சேகரித்தார். பிறகு அவர் வெளியிட்ட பெரும் படத்தொகுதி 1838 முதல் 1853 வரை வந்தது. 2,000க்கும் மேற்பட்ட படங்கள். வரைந்தவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். யார் வரைந்தது என்று அவர்கள் பேரைப் படத்திலேயே அச்சிட்டார் வைட். அதோடு நிற்காமல், ஒரு ஆர்கிட் செடிக்குக் கோவிந்துவின் பேரையே வைத்தார். தாவரவியலில் ஒரு செடிக்குப் பேர் வைப்பது சாதாரண மரியாதை அல்ல. கவர்னருக்கும் ராணிக்கும் வைப்பார்கள். சம்பளத்துக்குப் படம் வரைந்தவருக்கு வைத்தார் இவர். வைட்டோடு மலை ஏறி, எந்தச் செடி எந்தப் பாறையில் இருக்கிறது என்று காட்டியவர்களுக்கும் ஒரு செடி கிடைத்திருக்கலாம். அது நடக்கவில்லை.

இதையெல்லாம் வெள்ளைக்காரர் கதையாக மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. எங்கள் பக்கத்துக் கவிராயர் ஒருவர் இந்த விஷயத்தை எப்படிப் பார்த்தார் என்றும் சொல்ல வேண்டும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிற மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய குற்றாலக் குறவஞ்சியில், வசந்தவல்லிக்கு மலையைப் பற்றிச் சொல்ல ஒரு குறத்தி வருகிறாள். தன் மலையில் என்ன மரம், என்ன விலங்கு, என்ன வளம் என்று அவள் சொல்கிற வரிசை, ஒரு தேர்ந்த வழிகாட்டியின் பேச்சு. சீமாட்டி வாய் திறக்காமல் கேட்கிறாள். குறத்தி குறி சொல்லி முடித்ததும் அவளை வெறுங்கையோடு அனுப்பவில்லை. உடம்பு முழுக்க நகையாகப் போட்டு அனுப்புகிறாள். பிறகு குறத்தியின் கணவன் சிங்கன் வந்து, இது என்ன, அது என்ன என்று ஒவ்வொரு நகையாகக் கேட்கிற அளவுக்குக் கூலி. காட்டைத் தெரிந்தவள் சொல்லுக்கு விலை உண்டு என்று அந்தக் கவிஞருக்குச் சந்தேகமே இல்லை. அதே குற்றாலத்தில் ஒரு பங்களாவில் என் பெரியப்பாவுக்கு இரண்டு ரூபாயும், மீந்த ரொட்டியும்.

இப்போது குற்றாலத்துக்கு வெள்ளைக்காரர்கள் வருவது அபூர்வம். மலையாளிகள்தான் அதிகம். சாலையின் இரண்டு பக்கமும் கடைப் பலகை மலையாளத்தில் இருக்கிறது. தென்காசி பஸ் நிலையத்தில் இறங்கினால் ஆட்டோக்காரர், "சேட்டா, அஞ்சருவி போகணோ?" என்று கேட்கிறார். அவர் எந்தப் பள்ளியிலும் மலையாளம் படித்தவர் இல்லை. செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. எங்கள் பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து வெண்டைக்காயும் கத்தரிக்காயும் தினமும் மலையைத் தாண்டிப் போகின்றன. இந்தப் பக்கத்தில் மலையாளம் வயிற்றுப்பாட்டோடு வந்த மொழி. மார்க்கெட்டில் ஒரு தரகர் இடது காதில் தமிழிலும் வலது காதில் மலையாளத்திலும் விலை பேசுவதை விடியற்காலையில் பார்க்க வேண்டும். துபாஷி வேலை ஒழிந்துபோய்விட்டது என்று யார் சொன்னது?

மொழிக்கு இப்போது கைபேசி வந்துவிட்டது. தமிழில் பேசினால் அது ஜெர்மனில் சொல்கிறது, ஜெர்மனில் எழுதியிருந்தால் தமிழில் காட்டுகிறது. நல்ல விஷயம். பெரியப்பாவுக்கு அது இருந்திருந்தால் பாதிரியாரோடு இன்னும் நிறையப் பேசியிருப்பார். ஆனால் மொழி ஒரு பாதிதான். தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்து பார்க்கிறது மறுபாதி. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போயிற்று. அவன் வெளிநாட்டுப் பிள்ளை அல்ல, நம் திருநெல்வேலிப் பிள்ளை. மேலே மலையில் மழை பெய்கிறதா என்று கீழே வெயிலில் குளிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? பெரிய அருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை போடுகிறார்கள். காவலர்கள் விசில் ஊதுகிறார்கள். அதற்கு முந்தின நுரையையும் சருகையும் பார்த்துச் சொல்கிற கண் அருவிக்கு ஒன்றாவது வேண்டும். அந்தக் கண் உள்ள கிழவர்கள் இன்னும் சிலர் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டும், நேந்திரம் சிப்ஸ் கடை வாசலில் உட்கார்ந்துகொண்டும் இருக்கிறார்கள். அவர்களைச் சம்பளம் கொடுத்து அருவிக் கரையில் நிறுத்துங்கள் என்று நான் பார்க்கிற அதிகாரிகளிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம். 1992இல் வந்த ரோஜா படம் அந்த ஊரைத் தெரியவைத்தது. 2005இல் வந்த அந்நியன் படத்துக்காக வர்ணம் அடித்த பாறைக்கு அந்நியன் பாறை என்றே பேர் வந்துவிட்டது. ஆடி மாதம் சூரியகாந்தி பூத்தால் காரில் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். கைபேசி வரைபடம் அவர்களை நேராக வரப்புக்குக் கொண்டுபோய் விடுகிறது. வரப்பு யாருடையது, செடியை மிதித்தால் யாருக்கு நட்டம், மருந்தடித்த வயலில் எத்தனை நாள் போகக் கூடாது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் முன்னால் நடந்தால் விவசாயிக்கும் வம்பில்லை, வந்தவர்களுக்கும் நிம்மதி.

எங்கள் மலைத்தொடரிலேயே, கேரளப் பக்கத்து அகத்தியர் மலையில், வழிகாட்டிகளுக்கு உரிய பங்கு கிடைத்த ஒரு கதை இருக்கிறது. 1987இல் ஆய்வாளர்கள் சிலர் காணி இனத்தவரை வழிகாட்டிகளாக வைத்துக்கொண்டு மலை ஏறினார்கள். ஆய்வாளர்களுக்கு மூச்சு வாங்குகிறது. காணிகளுக்குக் களைப்பே இல்லை. அவ்வப்போது ஏதோ ஒரு சின்னக் காயைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டே நடந்தார்கள். கெஞ்சிக் கேட்ட பிறகு செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து திருவனந்தபுரத்து வெப்பமண்டலத் தாவரவியல் நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கிக் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. வந்த பணத்தில் சரிபாதி காணிகளுக்கு என்று முடிவு செய்து, 1997இல் அவர்களுக்கு ஒரு அறக்கட்டளையும் பதிவானது. உலகம் முழுக்க இதை உதாரணமாகப் பேசினார்கள். குறைகளும் உண்டு. எல்லாக் காணிகளையும் கேட்கவில்லை என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. செடியை வளர்ப்பதில் வனத்துறையோடு சிக்கல் வந்தது. இருந்தாலும், வழிகாட்டியின் அறிவு ஆய்வாளரின் கண்டுபிடிப்பில் பாதி என்று கணக்குப் போட்டு ஒப்புக்கொண்டார்களே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் பால்பாண்டி என்பவர் பெரிய படிப்பு இல்லாமலே வெளியூர்ப் பறவை ஆய்வாளர்களுக்கெல்லாம் ஆசான் மாதிரி இருந்தார் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். அவர் பேர் பத்திரிகைகளில் வந்தது. வர வேண்டிய பேர்.

கீழப்பாவூரில் சிற்றாற்றுத் தண்ணீர் வந்து நிறைகிற பெரிய குளம் இருக்கிறது. பதினாறு கை நரசிம்மர் இருக்கிறார். சுவாதி நட்சத்திரத்தன்று வெளியூர்க் கூட்டம் அலைமோதும். பறவை பார்க்கிறவர்களும் இப்போது வருகிறார்கள். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் நடக்கிறது. எங்கள் பகுதிக் குளங்களும் அந்த வழியாக வெளியே தெரியவந்தன. மஞ்சள் மூக்கு நாரை எந்த மரத்தில் அடையும், எந்தக் கரையில் சேறு ஆளை விழுங்கும், குளத்துக்கு எந்த மடை வழியாகப் போனால் பறவை கலையாது என்பது எங்கள் பையன்களுக்குப் பாடம். ஆடு மேய்த்தும் மீன் பிடித்தும் படித்த பாடம். வருகிறவர்கள் ஒரு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்து, தோளில் தட்டிவிட்டுப் போகிறார்கள். போய் எழுதுகிறார்கள். அந்த எழுத்தில் குளத்தின் பேர் இருக்கிறது, பறவையின் பேர் இருக்கிறது, கேமராவின் பேர்கூட இருக்கிறது.

போன மாதம் கோயில் மண்டபத்தில் அந்தப் பையன்களை உட்கார வைத்துப் பேசினோம். ஓய்வு பெற்ற வாத்தியார்கள் சிலரும் வந்திருந்தார்கள். காலையில் கூட்டிப்போனால் இவ்வளவு, சாயங்காலம் என்றால் இவ்வளவு என்று ஒரு கூலி பேசி முடித்தோம். குளத்தைப் பற்றி எழுதுகிறவரோ படம் போடுகிறவரோ கூட வந்த பையனின் பேரையும் ஊரையும் சேர்த்துப் போட வேண்டும், அதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் மடையில் கால் வைக்க வேண்டும் என்று எழுதி வைத்தோம். "பேரு போட்டா என்ன கெடைக்கும், சார்?" என்று ஒருவன் கேட்டான். கோவிந்துவின் ஆர்கிட் கதையைச் சொன்னேன். அவன் நம்பவில்லை; கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனிடம் காட்டினான். பார்க்க வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கூலி வாங்குவதில்லை என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. மலையாளம் தெரிந்தவனுக்கு ஐம்பது ரூபாய் கூடுதலா என்பதில்தான் முடிவுக்கு வர முடியவில்லை. மலையாளம் தெரிந்த இரண்டு பேர் வேண்டும் என்கிறார்கள், மற்றவர்கள் கூடாது என்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூடுவதாகப் பேச்சு.